ரெய்டு 1-இல் ஒரு வட்டு போனதும் சர்வர் பூட் ஆகவில்லை. மற்ற வட்டு நன்றாகத்தான் இருக்கிறது

அச்சகத்துச் சர்வர் — திங்கள், காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அச்சகத்தில் ஒரே ஒரு சர்வர் உண்டு. டெபியன் 12, இரண்டு 4 டிபி வட்டுகள், மென்பொருள் ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டு வட்டிலும் எழுதும் மிரர்). வாடிக்கையாளர்களின் வடிவமைப்புக் கோப்புகளும் பில் கணக்கும் அதில்தான் இருக்கின்றன. சனிக்கிழமை இரவு நீண்ட நேரம் மின்சாரம் இல்லாமல் போனதால் யூபிஎஸ் சர்வரை முறையாக அணைத்துவிட்டது. இன்று காலை இயக்கியபோது, பூட் செய்யத்தக்க சாதனம் எதுவும் இல்லை என்ற ஒற்றை வரி மட்டும் திரையில் வந்து நின்றது. முதல் வட்டில் 'டிக், டிக்' என்ற ஓசை கேட்டதால் அதைக் கழற்றிவிட்டேன். இரண்டாவது வட்டை மதர்போர்டின் அமைப்புத் திரை சரியாகக் காட்டுகிறது. ஆனாலும் அதிலிருந்து பூட் ஆகவில்லை.

ஒன்று போனாலும் மற்றொன்று வேலை செய்யும் என்பதற்காகத்தானே மிரர் அமைக்கிறோம்? வேறு வழி இல்லையென்றால் புது வட்டு வாங்கி, அதில் டெபியனை மீண்டும் நிறுவி, பழைய வட்டிலிருந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். சரியா?

முனையம் — திங்கள், காலை 10.05

நண்பரே, இப்போதைக்கு எதையும் நிறுவ வேண்டாம். எந்த வட்டிலும் ஒரு எழுத்தைக்கூட எழுத வேண்டாம். நிறுவும் நிரல் வட்டுகளைப் பிரிக்கும் கட்டத்தில் நீங்கள் ஒரு வரி தவறித் தேர்ந்தெடுத்தால், நன்றாக இருக்கும் வட்டும் போய்விடும்.

உங்கள் கேள்வி நியாயமானதுதான், பலரும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மென்பொருள் ரெய்டு என்பது லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) எழுந்து வந்த பிறகு உயிர்பெறும் ஒன்று. கர்னலை எழுப்பும் வேலையோ அதற்கு முன்பே, ரெய்டு என்றால் என்னவென்றே அறியாத மதர்போர்டு நிரலால் தொடங்கப்படுகிறது. அந்த நிரல் தேடுவது ஈஎஸ்பி என்னும், ஃபேட் கோப்பமைப்பு கொண்ட சிறிய பார்ட்டிஷனை (வட்டுப் பகுதியை). அது பெரும்பாலும் மிரருக்கு வெளியே, தனித்தனியாக இருக்கும். நிறுவியபோது கிரப் என்னும் பூட் நிரல் எந்த வட்டின் ஈஎஸ்பியில் எழுதப்பட்டதோ, அந்த வட்டு மட்டுமே பூட் ஆகும். மற்ற வட்டில் உங்கள் கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கும், உள்ளே நுழையும் வாசல்தான் இருக்காது.

ஒரு மீட்பு யூஎஸ்பியில் பூட் செய்து பின்வருவனவற்றைத் தெரிவியுங்கள். நல்ல வட்டின் மீது, மென்பொருள் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆடம் கட்டளையை எக்ஸாமின் விருப்பத்துடன் இயக்கினால் 'ஈவென்ட்ஸ்' என்ற எண்ணும் 'அப்டேட் டைம்' என்ற நேரமும் வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நல்ல வட்டைக் கழற்றிவிட்டு, ஓசை எழுப்பும் வட்டை மட்டும் இணைத்து அதே கட்டளையை ஒரே ஒருமுறை இயக்கிப் பாருங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். எக்ஸாமின் வெறுமனே படிக்கும் கட்டளை, எதையும் மாற்றாது.

பழைய சாலிடர் — திங்கள், காலை 10.30

இவ்வளவு எதற்கு? நல்ல வட்டின் கேபிளை முதல் சாட்டா போர்ட்டில் மாற்றிச் செருகினால் போதும். நான் பல சர்வர்களில் இப்படித்தான் எழுப்பியிருக்கிறேன்.

முனையம் — திங்கள், காலை 10.48

ஐயா, நீங்கள் சொல்வது பயாஸ் என்னும் பழைய மதர்போர்டு நிரலின் காலத்துக்குப் பொருந்தும். அதுவும் இரண்டு வட்டுகளின் முதல் செக்டரிலும் கிரப் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே. அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையில் மதர்போர்டின் நினைவகத்தில் பதிந்திருக்கும் பூட் பதிவு, எந்தப் போர்ட் என்று பார்ப்பதில்லை. இன்ன அடையாள எண் கொண்ட பார்ட்டிஷனில் இன்ன கோப்பு என்றுதான் தேடும். அந்த எண் செத்த வட்டுடன் போய்விட்டது. அது கிடைக்காவிட்டால், ஒவ்வொரு வட்டின் ஈஎஸ்பியிலும் 'ஈஎஃப்ஐ' கோப்பகத்தின் உள்ளே 'பூட்' கோப்பகத்தில் ஒரு பொதுப்பெயர்க் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டாவது ஈஎஸ்பி வெற்றாக இருந்தால் எந்தப் போர்ட்டில் செருகினாலும் விடை ஒன்றுதான்.

மூன்றாம் ஷிப்ட் — திங்கள், காலை 11.20

முனையம் அவர்கள் ஈவென்ட்ஸ் எண்ணை ஏன் முதலில் கேட்கிறார் என்பதை, நான் பட்டதைச் சொல்லியே விளக்கிவிடுகிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ரெய்டு 1 சர்வரில் இரண்டாவது வட்டு ஏப்ரல் மாதமே மிரரிலிருந்து விலகியிருந்தது. கேபிள் தளர்ந்திருந்ததுதான் காரணம், வட்டில் பழுது எதுவும் இல்லை. யாரும் கவனிக்கவில்லை. ஜூன் மாதம் முதல் வட்டு உண்மையாகவே செத்தது. நான் இரண்டாவதை வைத்து எழுப்பினேன், உடனே எழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அதில் இருந்தது ஏப்ரல் மாதத்துத் தரவு என்று கணக்குப் பிரிவு கண்டுபிடித்தபோது ஒன்றரை நாள் ஆகிவிட்டது. அதற்குள் புதிய ரசீதுகளை அந்தப் பழைய தரவின் மேலேயே ஏற்றியிருந்தார்கள். இரண்டு வரலாறுகளையும் கைகளால் இணைத்து முடிக்க மூன்று வாரம் பிடித்தது.

மிரரில் ஏதேனும் நிலை மாறும்போதெல்லாம் அந்த எண் கூடிக்கொண்டே போகும். விலகிய வட்டின் எண் விலகிய நாளிலேயே நின்றுவிடும். எது உயிருள்ள பிரதி, எது பழைய பிரதி என்பதை ஓசையை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அச்சகத்துச் சர்வர் — திங்கள், பிற்பகல் 1.15

நன்றி. படித்ததும் வயிற்றைக் கலக்கியது, ஆனால் என் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று நினைக்கிறேன். நல்ல வட்டில் ஈவென்ட்ஸ் 31944, கடைசி நேரம் சனிக்கிழமை இரவு 11.38. ஓசை எழுப்பும் வட்டு இரண்டாம் முயற்சியில் ஒருகணம் பேசியது: ஈவென்ட்ஸ் 31007, கடைசி நேரம் வியாழக்கிழமை மாலை 6.12. அதன் பிறகு அது தோன்றவே இல்லை.

மீட்பு யூஎஸ்பியில் மிரர் தானாகவே தோன்றுகிறது. ஆனால் பெயர் 'எம்டி0' என்று இல்லாமல் 'எம்டி127' என்று இருக்கிறது. அதன் அருகில் 'இன்ஆக்டிவ்' என்றும், பார்ட்டிஷன் பெயருக்குப் பின்னால் அடைப்பில் 'எஸ்' என்றும் வருகிறது. மவுன்ட் (கோப்புகளைத் திறக்கும்படி இணைப்பது) ஆகவில்லை. தரவு போய்விட்டதா?

முனையம் — திங்கள், பிற்பகல் 1.40

போகவில்லை. கணினியின் பெயர் வேறாக இருந்தால் மிரர் 127 என்ற எண்ணில் எழுவது வழக்கம். இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் மட்டும் வந்திருப்பதால் மற்றவருக்காகக் காத்திருக்கிறது, அதுதான் இன்ஆக்டிவ். எம்டிஆடம் கட்டளையை 'ரன்' விருப்பத்துடன் அந்த எம்டி127-இன் மீது இயக்குங்கள். ஒற்றைக் காலில் நின்றாலும் எழுந்துவிடும். முதலில் படிப்பதற்கு மட்டும் மவுன்ட் செய்து, சனிக்கிழமை சேமித்த ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு வெளிவட்டில் நகலெடுங்கள். உலகத்தில் இப்போது அந்தத் தரவுக்கு ஒரே பிரதிதான் இருக்கிறது. நகல் முடியும் வரை வேறு எந்த வேலையும் வேண்டாம், அச்சகத்தில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? வட்டு செத்தது சனிக்கிழமை மின்வெட்டினால் அல்ல. வியாழக்கிழமை மாலையே அது மிரரிலிருந்து விழுந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு ஈஎஸ்பி தேவையில்லை என்பதால் இரண்டு நாள் எதுவும் தெரியவில்லை. அணைத்து எழுப்பியபோதுதான் தெரிந்தது. எம்டிஆடம் இப்படிப்பட்ட வேளையில் மின்னஞ்சல் அனுப்பியிருக்க வேண்டுமே, யாருக்கும் வரவில்லையா?

அச்சகத்துச் சர்வர் — திங்கள், இரவு 9.10

மின்னஞ்சல் எதுவும் வந்ததாக நினைவில்லை. ரன் செய்ததும் மிரர் எழுந்துவிட்டது. சனிக்கிழமை மாலை அனுப்பிய திருமண அழைப்பிதழ் வடிவமைப்பு வரை எல்லாம் இருக்கிறது. நகலும் எடுத்து முடித்துவிட்டேன்.

பூட் பகுதியில்தான் சிக்கல். நல்ல வட்டிலும் ஈஎஸ்பிக்கு இடம் ஒதுக்கியிருந்தேன், திறந்து பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. சிரூட் செய்து (வட்டிலுள்ள டெபியனுக்குள் நுழைந்து) கிரப்-இன்ஸ்டால் இயக்கினால், இந்தக் கணினியில் ஈஎஃப்ஐ மாறிகளுக்கு ஆதரவு இல்லை என்று சொல்லி நிற்கிறது. இது யூஇஎஃப்ஐ மதர்போர்டுதான் என்று உறுதியாகத் தெரியும்.

இரட்டை வட்டு — திங்கள், இரவு 9.35

மீட்பு யூஎஸ்பி பழைய முறையில் பூட் ஆகியிருக்கும். பூட் பட்டியலில் அதே யூஎஸ்பி இருமுறை தோன்றும். யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். எழுந்ததும் 'சிஸ்' கோப்பகத்தில் 'ஃபர்ம்வேர்' என்பதன் உள்ளே 'ஈஎஃப்ஐ' என்று ஒரு கோப்பகம் இருந்தால் சரியான முறையில் வந்திருக்கிறீர்கள் என்று பொருள். சிரூட் செய்வதற்கு முன் 'டெவ்', 'ப்ராக்', 'சிஸ்' ஆகியவற்றைப் பைண்ட் செய்வதுடன் (சிரூட்டுக்குள்ளும் தெரியும்படி இணைப்பதுடன்), அந்த மாறிகளைக் காட்டும் 'ஈஎஃப்ஐவார்ஸ்' தனி மவுன்ட் என்பதால் அதையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். கிரப்-இன்ஸ்டால் இயக்கும்போது 'ஃபோர்ஸ்-எக்ஸ்ட்ரா-ரிமூவபிள்' என்ற விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது முனையம் சொன்ன பொதுப்பெயர்க் கோப்பும் எழுதப்படும். மதர்போர்டின் பேட்டரி தீர்ந்து பூட் பதிவுகள் எல்லாம் அழிந்தாலும் வட்டு பூட் ஆகும்.

அச்சகத்துச் சர்வர் — செவ்வாய், காலை 8.20

கிரப் வந்தது! கர்னலும் தொடங்கியது. ஆனால் அதன் பின் ஏதோ ஒரு வட்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்தது. முடிவில் அவசர நிலை என்று அறிவித்து, ரூட் கணக்கு பூட்டப்பட்டிருப்பதால் கட்டளைத் திரையைத் திறக்க முடியாது என்று சொல்லி நின்றுவிட்டது. அவசர நிலைக்குப் போவதும் உள்ளே விடாமல் இருப்பதும் என்ன நியாயம் என்று தெரியவில்லை.

முனையம் — செவ்வாய், காலை 8.45

மன்னிக்கவும், இதை நான் நேற்றே சொல்லியிருக்க வேண்டும். எவற்றை மவுன்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் உங்கள் எஃப்எஸ்டேப் கோப்பில் ஈஎஸ்பியை மவுன்ட் செய்யும் வரி, செத்த வட்டின் யூயூஐடி என்னும் அடையாள எண்ணைத்தான் இன்னும் வைத்திருக்கிறது. பூட் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி அதற்காக 90 விநாடி காத்திருந்து, வராததால் மொத்தத்தையும் நிறுத்திவிட்டது. நிறுவும்போது ரூட்டுக்குக் கடவுச்சொல் வைக்காமல் சூடோவை (சாதாரணக் கணக்குக்கு நிர்வாகி உரிமை தரும் கட்டளையை) மட்டும் நம்பியவர்களுக்கு அவசரக் கதவும் திறக்காது.

மீட்பு யூஎஸ்பியில் மீண்டும் போய், அந்த வரியில் நல்ல வட்டின் ஈஎஸ்பி யூயூஐடியை எழுதி, விருப்பங்களில் 'நோஃபெயில்' (கிடைக்காவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே) என்று சேருங்கள். ஈஎஸ்பி என்பது பூட் ஆன பிறகு கிரப்பைப் புதுப்பிக்க மட்டுமே தேவைப்படும் ஒன்று. அது இல்லை என்பதற்காகச் சர்வர் எழாமல் இருப்பது, வாசலில் கோலம் இல்லை என்பதற்காக வீட்டைத் திறக்காமல் இருப்பதைப் போன்றது.

அச்சகத்துச் சர்வர் — செவ்வாய், காலை 10.00

எழுந்துவிட்டது. ஆட்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மிரரின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில், இயங்கும் வட்டுக்கு ஒன்றாக இரண்டு 'யூ' இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அடிக்கோடும் ஒரு 'யூ'வும் இருக்கின்றன. நேற்று வரை லினக்ஸில் 'எஸ்டிபி' என்ற பெயரில் இருந்த வட்டு இப்போது 'எஸ்டிஏ' ஆகிவிட்டது. புது வட்டு மாலை வருகிறது, அதே 4 டிபி.

மூன்றாம் ஷிப்ட் — செவ்வாய், காலை 10.25

அந்தப் பெயர் மாற்றம்தான் அடுத்த பள்ளம். புது வட்டைச் செருகியதும் எது 'ஏ', எது 'பி' என்பது மீண்டும் மாறலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்பு வட்டின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைத் திரையில் வரும் எண்ணுடன் ஒப்பிடுங்கள். குறிப்பாக, பார்ட்டிஷன் அமைப்பை நகலெடுக்க எஸ்ஜிடிஸ்க் கட்டளையின் 'ரெப்ளிகேட்' விருப்பத்தைப் பயன்படுத்தும்போது, அந்த விருப்பத்தை ஒட்டி எழுதப்படுவது நகல் *போய்ச் சேரும்* வட்டு; கடைசியில் வருவதுதான் மூலம். மூலத்தை முதலில் எழுதுவது நம் கைப்பழக்கம் என்பதால், இங்கே அது வெற்று வட்டின் அமைப்பை நல்ல வட்டின் மேல் பதித்துவிடும். நகலெடுத்ததும் புது வட்டுக்கு அடையாள எண்களை மாற்றும் விருப்பத்தையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் இரு வட்டுகளும் ஒரே எண்ணைச் சொல்லி மதர்போர்டைக் குழப்பும்.

புது வட்டைச் சேர்ப்பதற்கு முன், இப்போது ஓடும் பழைய வட்டின் ஸ்மார்ட் விவரங்களில் (வட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகளில்) 5, 197, 198, 199 ஆகிய எண்களுக்கு என்ன வருகிறது?

அச்சகத்துச் சர்வர் — செவ்வாய், மாலை 4.30

முதல் மூன்றும் சுழியம். 199-க்கு மட்டும் 14.

மூன்றாம் ஷிப்ட் — செவ்வாய், மாலை 4.50

199 என்பது வட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே செய்தி சிதைந்த எண்ணிக்கை. பெரும்பாலும் கேபிள்தான் காரணம். அது ஒருபோதும் குறையாது, கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். கேபிளை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். மறுகட்டமைப்பின்போது அந்த ஒற்றை வட்டை முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை படிக்க நேரும். 4 டிபியை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தாலும் ஏழரை மணி நேரம் ஆகும். இரவில் ஓடவிடுவது நல்லது. ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதிக்கு) தனி மிரர் வைத்திருந்தால் அது 'டிலேய்டு' என்று நிற்கும். ஒரே வட்டுகளில் இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யாமல் வரிசையில் நிற்கிறது, பழுதில்லை.

இரட்டை வட்டு — செவ்வாய், இரவு 8.15

புது வட்டைச் சேர்க்கும் இவ்வேளையில் ஒரு யோசனை. இரண்டு ஈஎஸ்பிகளையும் ஒரு சிறு ரெய்டு 1 ஆகவே கட்டிவிடலாம். மெட்டாடேட்டா பதிப்பு 1.0 என்று கொடுத்தால், ரெய்டின் குறிப்பு பார்ட்டிஷனின் கடைசியில் எழுதப்படும்; எனவே மதர்போர்டின் கண்ணுக்கு அது சாதாரண ஃபேட் பார்ட்டிஷனாகவே தெரியும். இப்போது இயல்பாக வரும் 1.2 பதிப்பு தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளிக் குறிப்பை எழுதுவதால் இதற்கு உதவாது. இப்படிச் செய்துவிட்டால் கிரப் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இரண்டிலும் தானாக எழுதப்படும், மறந்துவிட்டேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் ஆறு ஆண்டுகளாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

முனையம் — செவ்வாய், இரவு 9.00

வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈஎஸ்பியில் எழுத மதர்போர்டு நிரலுக்கும் உரிமை உண்டு. அது ஒரு வட்டில் மட்டும் எதையாவது எழுதினால், பிரதிகள் வேறுபட்டுவிட்டதை, கர்னலின் ரெய்டு பகுதியான எம்டி அறியாது. அடுத்த ஒத்திசைவில் எந்தப் பிரதி வெல்லும் என்பது நம் கையில் இல்லை. ஃபேட் கோப்பமைப்பில் அரைகுறை மாற்றம் என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரியும்.

அதோடு, டெபியனில் ஈஎஸ்பிக்குள் மாறுவதுதான் என்ன? கிரப்பின் நிரல் கோப்பும், அதற்கு முன் இயங்கும் ஷிம் கோப்பும் ஒரு சில வரி அமைப்புக் கோப்பும் மட்டுமே. உண்மையான அமைப்பும் கர்னல்களும் மிரருக்குள் இருக்கும் பூட் கோப்பகத்தில் இருக்கின்றன; அந்தச் சில வரிகள் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டுவதோடு சரி. கர்னல் மாறினாலும் ஈஎஸ்பி மாறாது. கிரப் தொகுப்பு மாறும்போது மட்டும் ஒரு ஈஎஸ்பியை மற்றதற்கு நகலெடுத்தால் போதும். கிரப்புக்குப் பதிலாக, கர்னலையே ஈஎஸ்பியில் வைக்கும் சிஸ்டம்டி-பூட் பயனர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரட்டை வட்டு — செவ்வாய், இரவு 9.20

ஆறு ஆண்டில் என் மதர்போர்டு எதையும் எழுதியதில்லை. கிரப் தொகுப்பு மாறிய அன்று நகலெடுக்க மறந்த நிர்வாகிகளையோ நிறையப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அச்சகத்துக்கு ஒற்றை ஆள் நிர்வாகி என்பதால், புரிந்துகொள்ள எளிதான உங்கள் வழியையே அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

முனையம் — செவ்வாய், இரவு 9.30

அப்படியானால் புது ஈஎஸ்பியில் கிரப்-இன்ஸ்டாலை இரண்டாம் முறை இயக்க வேண்டாம். அதே பெயரில் ஏற்கெனவே உள்ள பூட் பதிவை அது நீக்கிவிட்டுப் புதியதை எழுதும். ஃபேட்டாக ஃபார்மட் செய்து, கோப்புகளை நகலெடுத்து, பூட் பதிவுகளை மாற்றும் எஃபிபூட்மேனேஜர் கட்டளையைக் கொண்டு வேறொரு பெயரில் இரண்டாவது பதிவை உருவாக்குங்கள்.

அச்சகத்துச் சர்வர் — வியாழன், மாலை 7.10

மறுகட்டமைப்பு எட்டு மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு 'யூ'. 199 இன்னும் 14-தான். நாளை கடை விடுமுறை, அதனால் சோதித்துப் பார்க்கப்போகிறேன்: பழைய வட்டைக் கழற்றிவிட்டுப் புதியதில் எழுப்புவேன், பிறகு புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதில் எழுப்புவேன்.

மூன்றாம் ஷிப்ட் — வியாழன், மாலை 7.25

நில்லுங்கள்! அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு படி விட்டுப்போயிற்று. புதிய வட்டில் மட்டும் எழுப்பிய அந்தக் கணத்திலேயே பழைய வட்டு காலாவதியாகிவிடும். அதை மீண்டும் இணைத்து ஒத்திசைக்காமல் தனியாக எழுப்பினால், இரண்டும் வெவ்வேறு வரலாற்றுடன் நிற்கும். நான் ஜூன் மாதத்தில் பட்ட பாட்டை நீங்கள் சொந்தச் செலவில் படுவீர்கள். முதல் சோதனை முடிந்ததும் சர்வரை அணைத்து, பழைய வட்டை இணைத்து எழுப்பி, எம்டிஆடமின் 'ரீ-ஆட்' விருப்பத்தில் சேருங்கள். பெரிய வட்டுகளில் மிரர் உருவாக்கும்போது எம்டிஆடம் தானாகவே ஒரு பிட்மேப்பை (எந்தப் பகுதிகள் மாறின என்ற குறிப்பை) வைத்துக்கொள்வதால், மாறிய பகுதிகள் மட்டுமே எழுதப்படும். இரண்டு 'யூ' வந்த பிறகே அடுத்த சோதனை.

அச்சகத்துச் சர்வர் — வெள்ளி, பிற்பகல் 3.45

இரண்டு வட்டிலும் தனித்தனியாக எழுந்தது. ரீ-ஆட் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி.

முனையம் ஐயா திங்கட்கிழமை கேட்ட மின்னஞ்சல் கேள்விக்கும் இன்று விடை தேடினேன். எம்டிஆடமின் அமைப்புக் கோப்பில் பெறுநர் 'ரூட்' என்று இருந்தது. நான் நிறுவியபோது இருந்தபடியே விட்டிருக்கிறேன். அந்த அஞ்சல் சர்வரை விட்டு வெளியே போகாது, ரூட்டின் உள்ளூர்ப் பெட்டியில் விழும். இன்றுதான் முதன்முதலாக அந்தப் பெட்டியைத் திறந்தேன். போன வாரம் வியாழன் மாலை 6.12-க்கு ஒன்று, வெள்ளியன்று ஒன்று, சனியன்று ஒன்று என்று மூன்று கடிதங்கள் படிக்கப்படாமல் கிடந்தன. இப்போது முகவரியை என் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றி, 'டெஸ்ட்' விருப்பத்தில் ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தேன். கைப்பேசியில் வந்து சேர்ந்தது.